ஒன்பது பதக்கம் குத்திய உடம்பு

1

இந்தக் கதை நான்கு வரியில் முடிந்திருக்க வேண்டியது. அந்த நான்கு வரியை ஒரு நாளிதழ் போட மறுத்துவிட்டதால்தான் நீங்கள் இப்போது ஒன்பது பகுதிகளை வாசிக்கப்போகிறீர்கள். குறை இருந்தால் அந்த நாளிதழிடம் சொல்லுங்கள்.

போன வாரம் மதுரையை அடுத்த பரவையிலிருந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். கதைக்காக அவருக்குப் பெர்சி என்று பெயர் வைக்கிறேன். மிஷன் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை. கையில் கோடு போட்ட தாள் ஒன்று. “நீங்க எழுத்தாளராமே சார். இதக் கொஞ்சம் நல்ல தமிழ்ல திருத்தித் தாங்க” என்றார். தாளில் இருந்தது இது:

‘திருத்தம்: எங்கள் இதழில் வெளியான படத்தில் இருக்கும் மரியராஜ் ராணுவ வீரர் அல்லர். அவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். அவர் அணிந்திருக்கும் சீருடை பிளக்ஸ் கடையில் கணினியில் ஒட்டப்பட்டது. தவறுக்கு வருந்துகிறோம்.’

இதில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. நான்கு வரி, நான்கும் உண்மை. என் முப்பது வருட எழுத்தில் இப்படி ஒரு பத்தி வாய்த்ததில்லை. ‘இந்த நாலு வரியைக் கதையாக விரித்தால் என்ன’ என்று தோன்றியது அப்போதுதான்.

(கதை பிறந்த விதம் பற்றி நான் இப்போது சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. எட்டாம் பகுதியில் வரும். அவசரப்படுபவர்கள் நேராக அங்கே போகலாம். ஆனால் அப்படிப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது.)

2

இரண்டு நாடுகள் இதில் வருகின்றன. ஒன்று நம் நாடு. இன்னொன்று ‘அந்த நாடு’. பெயரை எழுதப்போவதில்லை. எந்த நாடு என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நாளைக்கு யாராவது கேட்டால் நாம் இருவரும் ஒன்றும் அறியாதவர்கள். இரு நாட்டு வெளியுறவுத் துறைகளும் பல காலமாக இப்படித்தான் பேசிக்கொள்கின்றன. நாமும் கொஞ்சம் பழகிக்கொள்வோம்.

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

‘எல்லையில் பனி கொட்டிக்கொண்டிருந்த அதே வேளையில், மதுரையில்—’

(அடித்துவிட்டேன். எனக்குப் பனியோடு உள்ள பழக்கமெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த அளவுதான். தவிர, இந்தக் கதையில் யாரும் எல்லைப் பக்கமே போகவில்லை. சண்டை பெரும்பாலும் பரவை வழியாகப் போகும் திண்டுக்கல் சாலையில் நடக்கிறது.)

‘கப்பலின் மேல்தளத்தில் நின்று, தொலைவிலிருக்கும் தன் மகளுக்கு அனுப்புவதற்காக, மரியராஜ் ஒரு படம்—’

(இதையும் அடித்துவிட்டேன். மகளுக்காக எடுத்தார் என்றால் வாசகருக்குக் கண் கலங்கும். உண்மையில் அவர் எடுத்தது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக. மனைவி பெர்சியே அப்படித்தான் சொன்னார். கப்பலில் எந்திரக் கோளாறு. அந்த நாட்டுத் துறைமுகத்தில் ஒதுங்கினார்கள். மரியராஜ் வேலை முடிந்து கிரீஸ் கையோடு மேலே வந்து, பின்னால் துறைமுகம் தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி எடுத்தார். துறைமுகத்தைப் படம் பிடித்தது குற்றம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ‘அபராதம் போட்டு மூணு வாரத்துல அனுப்பிருவாங்க மேடம், இது அடிக்கடி நடக்கிறதுதான்’ என்று கப்பல் கம்பெனி பெர்சிக்கு ஃபோனில் சொன்னது. மூன்று வாரம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாவது தொடக்கம் சிவபாண்டியிடமிருந்து. அது நிலைத்துவிட்டது.

3

சிவபாண்டி ‘மாலைத் தராசு’ என்னும் நாளிதழின் பரவை, சமயநல்லூர், அலங்காநல்லூர் வட்டாரப் பகுதிநேர நிருபன்.* விபத்து, பள்ளி ஆண்டு விழா, குடிநீர் கேட்டு மறியல் என்று ஊர்ச் செய்திகள் எல்லாம் அவன் பாடு. தை மாதத்தில் மட்டும் அவன் எழுதியது முதல் பக்கத்தில் வரும். காளையின் பெயர் கொட்டை எழுத்தில், இவன் பெயர் எங்கும் இல்லாமல்.

(* அப்படி ஒரு நாளிதழ் கிடையாது. நான் உண்டாக்கியது. இது போன்ற நாளிதழ்கள் வேறு எங்கேயும் இல்லை என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.)

அன்று காலை பதினொரு மணிக்கு ஆசிரியர் ஹரிஷங்கர் கூப்பிட்டார்.

“சிவபாண்டி, மரியராஜ்னு ஒருத்தன், பரவைக்காரன். அந்த நாட்டுல பிடிச்சிட்டாங்களாம். முக்கா மணி நேரத்துல படம் வரணும்.”

சிவபாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு பரவைக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. பெர்சி பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எதிரே டீக்கடைச் சுவரை ஒட்டி ஒரு பிளக்ஸ் நின்றது. மரியராஜின் அக்கா மகள் போன மாதம் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு வைத்தது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீட்டு விசேஷத்துக்குப் பிளக்ஸ் வைக்கவில்லை என்றால் விசேஷமே நடக்கவில்லை என்று பொருள். அதில் தாய்மாமன் படம் பெரிதாக இருக்க வேண்டும். சட்டை வேட்டியில் நிற்கிற மாமனை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? அதனால் கடைக்காரர் மாமனின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, ராஜா உடம்பிலோ போலீஸ் உடம்பிலோ ராணுவ உடம்பிலோ வைத்துவிடுவார். பக்கத்தில் ஒரு புலியும் கொடுப்பார். இதைப் பார்த்து இந்த வட்டாரத்தில் இதுவரை ஒருவரும் ஏமாந்ததில்லை. புலி உண்மையா என்று யாரும் கேட்டதும் இல்லை.

அந்தப் பிளக்ஸில் மேலே வேளாங்கண்ணி மாதா. நடுவில் வெள்ளை கவுனும் மெழுகுவர்த்தியுமாகச் சிறுமி. வலப்பக்கம் மரியராஜ், ராணுவ உடுப்பில், நெஞ்சில் ஒன்பது பதக்கம், கையில் பைனாகுலர், காலடியில் புலி.

சிவபாண்டிக்கு அது ஒட்டு வேலை என்று தெரியாதா? கதையின் முக்கியமான இடம் இது, இங்கே மழுப்ப மாட்டேன். நன்றாகத் தெரியும். அவனே தங்கச்சி மகன் காதணி விழாவுக்கு அதே கடையில் போலீஸ் உடம்பில் நின்றவன். ஆனால் வட்டாரச் செய்திக்கு அலுவலகத்தில் எப்போதும் தலையை மட்டும் வெட்டித் தபால் தலை அளவில்தான் படம் போடுவார்கள். பத்து வருடமாக அப்படித்தான். கல்யாணப் படத்திலிருந்தும் ரேஷன் கார்டிலிருந்தும் எத்தனையோ தலைகளை அவன் அனுப்பியிருக்கிறான். கழுத்துக்குக் கீழே இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் பிளக்ஸை ஃபோனில் எடுத்து அனுப்பினான். ‘கப்பல் ஊழியர்’ என்று மூன்று வரியும் எழுதினான்.

அன்றைக்குப் பார்த்து முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு இடம் காலி. வரவேண்டிய ஒரு விளம்பரம் வரவில்லை. மாதாவை வெட்டினார்கள், சிறுமியை வெட்டினார்கள், புலியை வெட்டினார்கள். புலியின் ஒரு காது மட்டும் முழங்கைப் பக்கத்தில் தங்கிவிட்டது. ‘எதிரி மண்ணில் மதுரைச் சிங்கம்!’ என்று தலைப்பு. கீழே, ‘இவர் ராணுவத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்ததாகக் கூறப்படுகிறது.’ யார் கூறினார்கள் என்று கேட்பது இந்தத் தொழிலில் மரியாதை இல்லை.

4

இந்தப் பகுதியைக் கட்டுரை போல எழுத நினைத்தேன். ‘இருதரப்பு உறவுகளில் ஊடகங்களின் பங்கு, வரலாற்று நோக்கில்—’ என்று ஆரம்பித்து எனக்கே தூக்கம் வந்துவிட்டது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் அந்த நாட்டுத் தொலைக்காட்சி அந்தப் படத்தைப் போட்டு, ‘எதிரிப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது’ என்றது. அதைக் காட்டி நம் தொலைக்காட்சிகள் ‘மதுரை வீரனைக் கண்டு நடுங்கும் எதிரி’ என்றன. அதைக் காட்டி அவர்கள் ‘வீரன் என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள்’ என்றார்கள். ஒரு படத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டுக்காரர்களும் பத்து நாள் பிழைத்தார்கள்.

நம் வெளியுறவுத் துறை ஒரு செவ்வாய்க்கிழமை, ‘அவர் சாதாரணக் குடிமகன்’ என்று அறிக்கை விட்டது. இந்த விவகாரத்தில் உண்மை வெளிவந்த ஒரே இடம் அந்த அரசு அறிக்கைதான். அதனாலேயே இரண்டு நாட்டிலும் ஒருவரும் நம்பவில்லை. ‘இப்படித்தான் சொல்வாங்க, அதுதான் ராஜதந்திரம்’ என்று எங்கள் தெரு முடிவெட்டும் கடையில் என்னிடமே ஒருவர் கண்ணடித்தார். பிறகு அவர்கள் நம் தூதரக அதிகாரி ஒருவரை வெளியேற்றினார்கள், நாம் அவர்களுடைய அதிகாரி ஒருவரை வெளியேற்றினோம். இரண்டு குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களைக் கட்டின.

அங்கே ஓய்வுபெற்ற ராணுவ நிபுணர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ‘இது அவர்களுடைய ரகசியச் சிறப்புப் படையின் சீருடை’ என்றார். முழங்கைப் பக்கம் தெரிந்த புலிக்காதை ‘மறைந்திருந்து தாக்குவோருக்கான சின்னம்’ என்றார். இங்கே ஒரு நிபுணர் அதே படத்தைப் பார்த்து, பெருமையோடு மீசையைத் தடவியபடி, ‘சிறப்புப் படைதான், இதற்கு மேல் சொல்லக் கூடாது’ என்றார். பல வருடங்களில் இரண்டு நாடுகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

மரியராஜ் மீது உளவு வழக்குப் போட்டார்கள். மூன்று வாரம் பதினான்கு வருடமாகும் என்ற நிலை வந்தது.

5

சிவபாண்டியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். கதை முறைப்படி அவன் இப்போது தப்பித்து ஓட வேண்டும். நான் அவனை நாலு பக்கம் கிண்டலடிக்க வேண்டும். அதற்காகத்தான் அவனைப் பிடித்தேன். அவனோ, யாரும் கூப்பிடாமலே பரவைக்குப் போய் பெர்சி வீட்டு வாசலில் நின்றான்.

“அந்தப் போட்டோவ எடுத்தது நான்தான் டீச்சர்.”

பெர்சி அவனை உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

“ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா நானே ஒரு போட்டோ குடுத்திருப்பேன்லண்ணே. லுங்கி கட்டிக்கிட்டு, பல் தேச்சுக்கிட்டு நிக்கிற போட்டோவெல்லாம் அம்புட்டு இருக்கு. அதப் போட்டிருந்தீங்கன்னா எந்த நாட்டுக்காரன் அவர ஆபீசர்னு நம்புவான்?”

“தலைய மட்டும் போடுவாங்கன்னு நெனச்சேன் டீச்சர்.”

“இப்ப அந்தத் தலைக்குத்தான் ஆபத்து” என்றார் பெர்சி. அப்புறம்தான் அழுதார்.

இருவருமாக அந்த நான்கு வரித் திருத்தத்தை எடுத்துக்கொண்டு மாலைத் தராசு அலுவலகத்துக்குப் போனார்கள். ஹரிஷங்கர் எழுந்து நின்று வரவேற்றார். “வீரனோட மனைவி” என்று சொல்லி, பெர்சியை ஒரு படமும் எடுக்கச் சொன்னார். தாளை வாசித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. இது நாட்டோட மானப் பிரச்சினை. இப்பப் போயி நாம திருத்தம் போட்டா எதிரிக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

“எதிரி அவர ஆபீசர்ங்கிறான். நீங்களும் ஆபீசர்ங்கிறீங்க. ரெண்டு பேரும் ஒண்ணத்தான சார் சொல்றீங்க?”

“அவன் சொல்றது குற்றச்சாட்டு. நாம சொல்றது பெருமை.”

பெர்சி தாளை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார். “உங்க பெருமைக்கு எங்க வீட்டுக்காரர் ஏன் சார் ஜெயில்ல இருக்கணும்?”

ஹரிஷங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் சட்டப்படி இனி எதுவும் எழுதக் கூடாது என்றார். சட்டத்தை அவர் அன்று மதியம்தான் மதிக்கத் தொடங்கியிருந்தார். சிவபாண்டி, தான் அனுப்பியது ஒரு விசேஷ வீட்டுப் பிளக்ஸ் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பெர்சியிடம் கொடுத்தான். மாலைக்குள் அவன் பெயர் நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. வேலை போனதை எங்கள் ஊரில் இப்போது இப்படித்தான் தெரிவிக்கிறார்கள்.

(நான் உண்டாக்கிய ஒரு ஆள் என்னைக் கேட்காமல் இவ்வளவு யோக்கியமாக நடந்துகொண்டது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் எரிச்சல் என்பதும் எட்டில்தான்.)

6

அந்த நாட்டில் மரியராஜுக்காக வாதாட ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். உடனே அவர்கள் ஊர்ப் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று எழுதின. தமிழில் இருப்பதைப் போலவே அந்த மொழியிலும் அதற்கு நல்ல சொற்கள் நிறைய இருக்கின்றனவாம். அவர் பெர்சிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். முதல் வரி: ‘இந்தப் படம் உண்மையா?’

இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பெர்சி முழுப் பிளக்ஸின் படத்தை அனுப்பினார், மாதாவும் புலியும் சேர்ந்தது. அரசுத் தரப்பு அதை ஒரே நிமிடத்தில் தள்ளிவிட்டது. ‘உளவாளியைக் காப்பாற்றப் பிறகு தயாரித்தது இது. எந்த ஊரிலாவது மாமனுக்குப் புலி வைப்பார்களா?’ என்று கேட்டார்களாம். நீதிபதிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் ஒருமுறை திண்டுக்கல் சாலையில் வந்து போயிருந்தால் தெரிந்திருக்கும். விசா கிடைக்காது.

வழக்கறிஞர் மறுபடி எழுதினார். அதே உடம்பில் வேறு தலைகள் வைத்த பிளக்ஸ்கள் வேண்டும். மரியராஜ் கைதாவதற்கு முந்தைய தேதியில். சம்பந்தப்பட்டவர்களின் உறுதிமொழிப் பத்திரத்தோடு. ‘ஒன்று இருந்தால் தற்செயல் என்பார்கள், இரண்டு இருந்தால் பேசி வைத்தது என்பார்கள், மூன்று இருந்தால் நான் விடமாட்டேன்.’ விசாரணை திங்கள்கிழமை.

சமயநல்லூரில் அந்தப் பிளக்ஸ் கடை வைத்திருப்பவர் அருள்பாண்டி. பெர்சியும் சிவபாண்டியும் போனபோது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டேன்ணே. மஃப்டில ரெண்டு பேரு வந்தாக. ராணுவ உடுப்ப இஷ்டத்துக்கு ஒட்டுனா கேஸு வரும்னு சொல்லிட்டுப் போனாக. கம்ப்யூட்டரையே ஃபார்மட் அடிச்சிட்டேன்.”

இப்போது சட்டத்தின் அழகைப் பாருங்கள். மரியராஜ் அந்தச் சீருடையைப் போட்டார் என்றால் அந்த நாட்டில் குற்றம். போடவில்லை, ஒட்டினோம் என்றால் இந்த நாட்டில் குற்றம்.

“அந்த உடம்ப எங்கருந்துய்யா எடுத்த?” என்றான் சிவபாண்டி.

“நெட்ல மிலிட்டரின்னு போட்டேன், வந்துச்சு. ஏதோ வெளிநாட்டு பேண்டு வாத்தியக்காரண்ணே. கையில பீப்பி வச்சிருந்தான். அத அழிச்சிட்டு பைனாகுலர் வச்சேன்.”

ரகசியச் சிறப்புப் படை. இரண்டு நிபுணர்களுக்கும் என் வணக்கம்.

“அந்த உடம்புக்கு எத்தன தல வச்சிருப்ப?”

அருள்பாண்டி விரல் விட்டு எண்ணினார். ஃபைல்கள் போனாலும் தலைகள் அவருக்கு மறக்கவில்லை. பாதிப் பேர் வெளிநாட்டில். இருவர் விஷயம் தெரிந்ததும் ஃபோனை அணைத்துவிட்டார்கள். மிஞ்சியது நான்கு: ஒரு கட்சிக் கிளைச் செயலாளர், பரவை மார்க்கெட்டில் ஒருத்தர், ஓய்வுபெற்ற ஒரு ஆபீஸ் சார், ஒரு எழுத்தாளர்.

7

கிளைச் செயலாளர் சோணை காபி வாங்கிக் கொடுத்தார், கையெழுத்துக் கொடுக்கவில்லை. “தங்கச்சி, உனக்காக நான் ரோட்ல உக்காந்து மறியல் பண்ணுவேன். ஆனா என் நெஞ்சு பேண்டு வாத்தியக்காரன் நெஞ்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியே, அது ஆகாது. எலெக்சன் வருது. எதிர்க்கட்சிக்காரன் வாத்தியத்தோட வந்து என் வீட்டு முன்னாடி வாசிப்பான்.”

பரவை மார்க்கெட்டில் செல்லத்தாய் வெங்காயம் விற்கிறார். உடம்பில் நின்றது அவர் கணவர். அவருடைய கண்ணீர் அஞ்சலிப் பிளக்ஸ் அது. சிவபாண்டி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், வெங்காய மூட்டைகள் மேல் மூடியிருந்த பிளக்ஸை அவரே உருவி உதறினார். சருகு பறந்தது. ஒன்பது பதக்கம், பைனாகுலர், கீழே இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

“உசுரோட இருந்தப்ப அவுக ஒரு நல்ல சட்ட போட்டதில்ல. அதான் செத்த பெறகாச்சும் மொடுமொடுன்னு நிக்கட்டுமேன்னு வைக்கச் சொன்னேன்” என்றார். வழக்கு வரலாம் என்று பெர்சியே எச்சரித்தார். “செத்த மனுசன் மேல என்னத்தக் கேஸு போடுவாக? எம்மேல போட்டா போடட்டும். நீ கொண்டு போ தாயி. மழை வந்தா மூட்டைக்கு வேற பாத்துக்கிறேன்.” கைநாட்டு வைத்துவிட்டு, விரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு வெங்காயம் நிறுத்தார்.

ஓய்வுபெற்ற ஆபீஸ் சார் பிச்சுமணி மதுரைக்குள் குடியிருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று சமயநல்லூர் அலுவலக வாசலில் சக ஊழியர்கள் அவருக்கு அந்தப் பிளக்ஸை வைத்தார்கள். “அது பசங்க விளையாட்டுக்கு வெச்சது. நான் பாக்கவே இல்லை” என்றார். அவர் மனைவி பாகீரதி உள்ளே போய், அந்தப் பிளக்ஸின் முன்னால் பிச்சுமணி விறைப்பாகச் சல்யூட் அடிக்கும் போட்டோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“பென்ஷனை நிறுத்திடுவாளோன்னு பயமா இருக்கு பாகீ.”

“முப்பத்திநாலு வருஷம் பயந்தாச்சு, போறும். அந்தப் பொண்ணு நிக்கறதைப் பாருங்கோ. கையெழுத்தைப் போடுங்கோ.”

பிச்சுமணி போட்டார். கோணலாக விழுந்தது, சட்டப்படி செல்லும்.

இரண்டு ஆயிற்று. இன்னும் ஒன்று.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மூன்றாவது தலை கிடைக்கிறது. மரியராஜ் விடுதலையாகி மதுரை விமான நிலையத்தில் இறங்குகிறார். வெளியே வரவேற்புப் பிளக்ஸ். அதே உடம்பு, இப்போது பத்துப் பதக்கம். (சிரிப்பு வரும். முடிவாக இதை வைக்கத்தான் ஆசை.)

முடிவு ஆ: கிடைக்கவில்லை. பதினான்கு வருடம். ஊரில் ஒரு தெருவுக்கு மரியராஜ் பெயர் வைக்கிறார்கள். பெர்சி அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். (எழுதிவிட்டு நானே கிழித்துவிட்டேன்.)

முடிவு இ: அந்த எழுத்தாளர்—

சரி. முதல் பகுதிக்கான திருத்தம்.

பெர்சி நான்கு வரித் தாளோடு வந்தது உண்மை. ஆனால் அதைத் திருத்தி வாங்க வரவில்லை. கூடவே சிவபாண்டியும் வந்தான். பெர்சி தன் ஃபோனை என் முன்னால் நீட்டினார். அதில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது பதக்கம், பைனாகுலர். போன வருடம் சமயநல்லூரில் நடந்த என் புத்தக வெளியீட்டுக்கு நண்பர்கள் வைத்த பிளக்ஸ்: ‘எழுத்துலகின் எல்லைப் படையே, வருக!’ அதை நானே ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன், ‘நண்பர்களின் அன்புத் தொல்லை, கூச்சமாக இருக்கிறது’ என்று. இருநூற்றுப் பன்னிரண்டு லைக். அதே மாதம்தான் ஒரு சிற்றிதழில் பிளக்ஸ் கலாச்சாரத்தைக் கண்டித்து எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். இரண்டையும் வாசித்தவர்கள் அதிகமில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

“மூணாவது ஆளு நீங்கதான் சார்” என்றார் பெர்சி. “ஒரு கையெழுத்துப் போதும்.”

எனக்கு வழக்கைப் பற்றிய பயம்கூட அவ்வளவு இல்லை. சிரிப்பார்களே என்ற பயம். அந்த எட்டுப் பக்கத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பகிர்வார்களே என்ற பயம். மதுரையில் என்னை எழுத்தாளன் என்று ஒப்புக்கொள்பவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அந்த நாற்பது பேருக்குப் பயந்துகொண்டு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்:

“கையெழுத்து என்னம்மா பெரிய கையெழுத்து. நான் இதைக் கதையாவே எழுதறேன். கையெழுத்து ஒரு கோர்ட்டுக்குத்தான். கதை காலத்துக்கும் நிக்கும்.”

சிவபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். எனக்காகத்தான் அவன் வெட்கப்பட்டான் என்று இப்போது தெரிகிறது.

“கதையக் கோர்ட்டுல எடுத்துக்குவாங்களா சார்?” என்று கேட்டார் பெர்சி. கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பொய்யான செய்தியை எடுத்துக்கொண்ட நீதிமன்றம் உண்மையான கதையை எடுத்துக்கொள்ளாது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. “யோசிக்கிறேன்” என்றேன். அவர்கள் படியிறங்கியதும் நான் செய்த முதல் காரியம், அந்தப் பதிவை ஃபேஸ்புக்கிலிருந்து அழித்தது. இரண்டாவது காரியம், இந்தக் கதையின் முதல் வரியை எழுதியது.

அருள்பாண்டியைப் பற்றி ஆறாம் பகுதியில் கொஞ்சம் இளக்காரமாக எழுதிவிட்டேன். அவர் பயத்தில் அழித்தார். நானும் அதைத்தான் செய்தேன், நல்ல தமிழில்.

9

இன்று சனிக்கிழமை. மாவட்ட நீதிமன்றம் பக்கத்திலுள்ள நோட்டரி பதினொரு மணிக்கு வருவார், ஒரு மணிக்குப் போய்விடுவார். அதற்குள் பத்திரம் தயாராகி, பெர்சி அதை ஸ்கேன் செய்து அனுப்பினால்தான் அங்கே அந்த வழக்கறிஞர் திங்கள்கிழமை கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்க முடியும். சிவபாண்டி சற்று முன் ஃபோன் செய்தான். “நானும் டீச்சரும் நோட்டரி வாசல்ல நிக்கிறோம்ணே. வாரீகளா, வரலையா, அத மட்டும் சொல்லுங்க. டீச்சர் கோவிச்சுக்க மாட்டாங்க.” கோவித்துக்கொள்வார் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதைக் கதையின் உச்சகட்டம் என்று நினைத்து யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நீங்கள் இதை வாசிக்கும்போது அந்தத் திங்கள்கிழமை எப்போதோ போயிருக்கும். மரியராஜ் பரவையில் லுங்கி கட்டிக்கொண்டு பல் தேய்க்கிறாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியாது. ஆகவே முடிவை நான் எழுத முடியாது. மேலே உள்ள அ, ஆ இரண்டில் எது நடந்ததோ அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆ என்றால், அதன் கீழே என் பெயரையும் எழுதுங்கள்.

சிவபாண்டி தட்டச்சு செய்து கொடுத்துவிட்டுப் போன பத்திரம் மேசையில் இருக்கிறது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறான். வாசித்துப் பார்க்கிறேன்.

‘மதுரை மாவட்டம், மதுரை வடக்கு வட்டத்தில் வசித்துவரும், காலஞ்சென்ற பீமாராவ் அவர்களின் மகன்                     ஆகிய நான், உறுதிமொழிந்து கூறுவதாவது: இத்துடன் இணைத்துள்ள படத்தில் இருப்பது என் தலை. உடம்பு என்னுடையது—’

மணி பத்தே முக்கால். இங்கிருந்து நோட்டரி அலுவலகத்துக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். நாலாம் பகுதியில் அந்த நிபுணர்களைப் பற்றிய பத்தி கொஞ்சம் நீண்டுவிட்டதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. உட்கார்ந்து அதை இன்னொரு முறை திருத்தட்டுமா, என்ன சொல்கிறீர்கள்?